வால்வு மூடியிருந்தது, கணக்கில் திறந்திருந்தது

கேஸ் லைனில் கை வைத்துப் பார்த்துப் பழகியவர்களுக்குத் தெரியும். நல்ல லைன் என்றால் உள்ளங்கையில் லேசாக ஒரு முனகல் இருக்கும், அவ்வளவுதான். கெட்டுப்போன லைன் முழங்கை வரைக்கும் ஏறும். வளைகுடாவில் பைப்பிங் ஸ்ட்ரெஸ் வேலையில், அதாவது குழாய்கள் அழுத்தத்தையும் ஆட்டத்தையும் தாங்குமா என்று கணக்கிடும் வேலையில், இருந்தபோது ஒரு கம்ப்ரஸர் ஸ்டேஷனில் அப்படி ஒரு லைனில் கை வைத்தேன். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

அது பிஸ்டன் கம்ப்ரஸர். நிமிடத்துக்கு 740 சுற்று. பிஸ்டனின் இரண்டு பக்கமும் வாயுவை அழுத்தும் வகை, அதனால் ஒரு சுற்றுக்கு இரண்டு தட்டு. 740-ஐ 60-ஆல் வகுத்து இரண்டால் பெருக்கினால் நொடிக்குச் சுமார் 24.7. ஒவ்வொரு தட்டும் அழுத்த அலையாகக் குழாய்க்குள் ஓடும். சக்‌ஷன் ஹெட்டரிலிருந்து, அதாவது கம்ப்ரஸருக்கு வாயுவைக் கொண்டுவரும் பெரிய குழாயிலிருந்து, ஒரு பைபாஸ் கிளை பிரிந்து நாலரை மீட்டர் தள்ளி ஒரு வால்வில் முடியும். வழக்கமான ஓட்டத்தில் அந்த வால்வு மூடியேதான் இருக்கும்.

முதலில் நைட்ரஜன் விட்டு ஓட்டிப் பார்த்தார்கள். ஆட்டமே இல்லை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். நிஜ கேஸ் விட்ட மூன்றாம் நாள் ஆபரேட்டர், நம்ம தேவகோட்டைப் பக்கத்துப் பையன், ஓடி வந்தான். "சார், பைபாஸ் லைன் பேயாட்டம் ஆடுது சார். நைட்ரஜன்ல கல்லு மாதிரி நின்னுச்சே சார்."

போய்ப் பார்த்தேன். மூடிய வால்வுக்குப் பக்கத்தில் தொங்கிய அரை இஞ்ச் டிரெயின் குழாய், கண்ணுக்கு இரண்டாகத் தெரியும் அளவுக்கு ஆடிக்கொண்டிருந்தது. மெஷினை நிறுத்தச் சொல்லி, லைனைக் காலி செய்து, வெல்டிங்கைத் துடைத்துச் சிவப்பு மை பூசினோம். சற்றுப் பொறுத்து மறுபடி துடைத்து வெள்ளைப் பவுடர் அடித்தோம். ஒரு நிமிடம் வெள்ளையாகவே இருந்தது. பிறகு வெல்டிங் ஓரத்தில் முடி மாதிரி ஒரு சிவப்புக் கோடு ஊறி மேலே வந்தது. குழாயைக் கால் சுற்று சுற்றி நின்றது. இன்னும் எத்தனை மணி நேரம் தாங்கியிருக்கும் என்று எங்களில் யாராலும் சொல்ல முடியவில்லை.

நைட்ரஜனில் ஆடாத லைன் கேஸில் ஏன் ஆடியது? பாதி விடை நம்ம கோயில் நாகஸ்வரத்தில் இருக்கிறது. அதில் இரண்டு வகை. திமிரி குட்டை, சுருதி ஏறி நிற்கும். பாரி நீளம், சுருதி இறங்கும். மீதி விடை குழாய்க்குள் இருக்கும் வாயுவில். ஒரு முனை மூடிய குழாயில், ஒலியின் வேகத்தை நீளத்தின் நாலு மடங்கால் வகுத்தால் அந்தக் குழாயின் முதல் அதிர்வெண் கிடைக்கும். இங்கே நாலு மடங்கு என்பது 18 மீட்டர். நைட்ரஜனில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும், வகுத்தால் 19.4. எங்கள் இயற்கை எரிவாயுவில் சுமார் 445 மீட்டர், வகுத்தால் 24.7. கம்ப்ரஸரின் தட்டும் 24.7. ஊஞ்சல் திரும்பி வருகிற ஒவ்வொரு தடவையும் பின்னால் நின்று ஒருவர் தள்ளிக்கொண்டே இருந்த மாதிரி. மூடிய முனையில்தான் அழுத்தம் அதிகமாக ஏறி இறங்கும். டிரெயின் குழாயும் சரியாக அங்கேதான் தொங்கியது.

இதற்கென்று அதிர்வு ஆய்வு ரிப்போர்ட் ஒன்று ஏற்கெனவே இருந்தது. ஒரு ஆலோசனை நிறுவனம் செய்து கொடுத்தது. கலர் கலராகப் படங்கள், கடைசியில் எல்லாம் வரம்புக்குள் இருப்பதாக ஒரு வரி. நான் கேட்டது ஒரே கேள்விதான்: அந்த பைபாஸ் வால்வை மாடலில் எப்படி வைத்தீர்கள்? மாடல் ஃபைலை அனுப்பிவைத்தார்கள். அதைத் திறக்கும் சாஃப்ட்வேருக்கு எங்களிடம் லைசென்ஸ் இல்லை. வாங்க அனுமதி கேட்டால், விலையைப் பார்த்துவிட்டு மேலே மறுத்துவிட்டார்கள். என் அரைப் பக்கக் கைக்கணக்கை முதல் நாள் மாலையே காட்டியிருந்தேன். "சாஃப்ட்வேர் ரிப்போர்ட் ஓகே என்கிறதே" என்று ஓரமாக வைத்தார்கள். ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. வால்வு திறந்திருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டிருந்தார்களாம். பிறகு வால்வை ஹெட்டரை ஒட்டி நகர்த்தினோம். நாலரை மீட்டர் முக்கால் மீட்டராகச் சுருங்கியது, ஆட்டம் அடங்கிவிட்டது.

தப்பு யாருக்கும் வரும். எனக்கும் வந்திருக்கிறது. அந்தத் தப்பு கண்ணெதிரே ஒரு ஃபைலுக்குள் கிடந்தும் ஐந்து வாரம் எங்களால் பார்க்க முடியாமல் போனதே, அதைத்தான் இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்க ஐயா, அப்பாவைப் பெற்றவர், ரங்கூனில் ஒரு வட்டிக் கடையில் அடுத்தாளாக, அதாவது ஏஜெண்டுக்கு அடுத்த நிலை ஆளாக, இருந்தவர். அங்கிருந்து ஊருக்கு ஐந்தொகை, அதாவது கடையின் மொத்தக் கணக்குச் சுருக்கம், வரும். இங்கே வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்து முதலாளி வரி வரியாகப் பார்ப்பாராம். இந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பேரேட்டைப் புரட்டிக் காட்ட வேண்டும். முடிவுத் தொகையை மட்டும் எழுதி அனுப்பிவிட்டு "சரியாத்தான் இருக்கு, நம்புங்க" என்று எந்த ஏஜெண்டும் சொல்ல முடியாது. கடல் தாண்டி வந்த வட்டிக் கணக்கையே அப்படிப் பார்த்த ஊர் இது. ஆள் நடமாடும் இடத்தில் அழுத்தத்தோடு கேஸ் ஓடும் குழாயின் கணக்கு மட்டும் ஏன் பூட்டிக் கிடக்க வேண்டும்?

திறந்த கருவிகள் இருக்கின்றன. ஓபன்பல்ஸ் என்ற மென்பொருளைப் பிரேசிலின் சான்டா கேடரினா ஃபெடரல் பல்கலைக்கழக ஆய்வுக் குழு பைத்தானில் எழுதியிருக்கிறது. கேஸ் குழாய்க்குள் ஓடும் அழுத்த அலையையும், அந்த அலை குழாயை ஆட்டுவதையும் சேர்த்துக் கணக்கிடுவதற்காகவே எழுதப்பட்டது. மூல நிரல் முழுக்க வெளியில் கிடக்கிறது, யாரும் திறந்து படிக்கலாம். வாயுவின் ஒலி வேகம் வேண்டுமா, கூல்ப்ராப் இருக்கிறது, அதுவும் திறந்த மூலம்தான். குழாயின் ஸ்ட்ரெஸ்ஸை இன்னும் ஆழமாகப் பார்க்க பிரான்சின் மின்சார நிறுவனம் இடிஎஃப் உருவாக்கிய கோட் ஆஸ்டர் இருக்கிறது.

காரைக்குடிக்குத் திரும்பி வந்த பிறகு அந்த நாலரை மீட்டர் கிளையை நினைவிலிருந்து ஓபன்பல்ஸில் போட்டுப் பார்த்தேன். வால்வைத் திறந்து வைத்து ஓட்டினேன், 25 ஹெர்ட்ஸ் பக்கம் ஒன்றும் இல்லை. மூடி வைத்து ஓட்டினேன், அதே இடத்தில் ஊசி மாதிரி ஒரு சிகரம் எழுந்தது. சாதாரண லேப்டாப்தான். அந்த ஐந்து வாரத்தை நினைத்துத் தொண்டை அடைத்துவிட்டது.

பெரிய கம்ப்யூட்டர் வேண்டுமே என்று பயப்பட வேண்டாம். எட்டு இஞ்ச் குழாயில் ஆயிரம் ஹெர்ட்ஸ் வரைக்கும் அலை நேராக, குழாயின் நீளவாக்கில் மட்டுமே ஓடும். ஒற்றைப் பரிமாணக் கணக்கே போதும். 1950களில் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் ரிசர்ச் இன்ஸ்டிடியூட்டில் காயிலையும் கெப்பாசிட்டரையும் இணைத்து மின்சுற்றாகவே இந்தக் கணக்கைப் போட்டார்கள். ரகசியமான இயற்பியல் ஒன்றும் இதில் இல்லை.

வாடிக்கையாளர் ஏற்க மாட்டார், பிஸ்டன் கம்ப்ரஸர்களுக்கான அமெரிக்கத் தரநிலை ஏபிஐ 618 இருக்கிறதே என்பார்கள். அந்தத் தரநிலை வரம்பைத்தான் சொல்கிறது. குழாயின் இயல்பு அதிர்வெண் கம்ப்ரஸர் வேகத்தைப் போல் 2.4 மடங்குக்கு மேல் இருக்க வேண்டும், முக்கியமான தூண்டல் அதிர்வெண்களிலிருந்து 20 சதவீதமாவது விலகி நிற்க வேண்டும் என்கிறது. 740 சுற்றுக்கு அந்த 2.4 மடங்கு என்பது 29.6 ஹெர்ட்ஸ். இதை எந்தக் கருவியில் கணக்கிட்டாலும் கையெழுத்துப் போடும் பொறியாளர்தான் பொறுப்பு. திறந்த மென்பொருளிலும் பிழை இருக்கும். கைக்கணக்கோடும் லைனில் எடுத்த அளவோடும் ஒத்துப் பார்க்காமல் யாரும் அதை நம்பக்கூடாது. சேஃப்டி வால்வு திறக்கும்போது வரும் கிரீச்சென்ற உயர் அதிர்வெண் அதிர்வு இதற்குள் அடங்காது, அது வேறு படிப்பு.

நம்ம பக்கத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். ராமநாதபுரம் பக்கம் வழுதூரில் எரிவாயு மின்நிலையம் இருக்கிறது. சிஎன்ஜி பங்க்குகளில் இருப்பதும் பிஸ்டன் கம்ப்ரஸர்தான், 250 பார் வரைக்கும் அழுத்துகிறது. அதைப் பராமரிக்கப் போவது நம்ம பிள்ளைகள். அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் வந்த ஊர், 1952-லிருந்து பொறியியல் கல்லூரி இருக்கிற ஊர். அப்படிப்பட்ட ஊரில் கடைசி வருடப் பிள்ளைகள் காசு கொடுத்து புராஜெக்ட் வாங்குவதைப் பார்த்தால் மனசு கொதிக்கிறது. ஐஐடி பம்பாயின் ஃபோசி திட்டம் திறந்த மென்பொருள்களைக் கல்லூரிகளுக்குக் கொண்டுபோகவே இயங்குகிறது. அதைப் பிடித்துக்கொண்டு இந்தக் கணக்கைப் புராஜெக்டாகக் கொடுக்கலாம். தமிழில் ஒரு கையேடு எழுதலாம், நான் தொடங்கிவிட்டேன்.

போன மாதம் மூன்று பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். வளவில் ஆத்தங்குடிக் கல் தரைமேல் ஒரு மீட்டர் நீள இரண்டு இஞ்ச் பிவிசி குழாயை வைத்து, ஒரு முனையை மூடி, மறுமுனையில் ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்தோம். அன்று வெயில் 35 டிகிரி. ஒலி வேகம் 352, நாலால் வகுத்தால் 88. போனில் அதிர்வெண்ணை மெல்ல ஏற்றிக்கொண்டு போனார்கள். 86 தாண்டி 87 வருமுன் குழாய் 'ம்ம்ம்' என்று எழுந்தது. "அண்ணே, ஒன்னு குறையுதே, தப்பாண்ணே?" என்றது ஒரு பிள்ளை. குழாயின் வாயைத் தாண்டியும் கொஞ்சம் காற்று சேர்ந்து ஆடுகிறது, அதனால் குழாய் ஒன்றரை சென்டிமீட்டர் நீண்ட மாதிரி ஆகிவிடுகிறது என்று காட்டினேன். அந்தப் பிள்ளை அந்த ஒன்றரையைச் சேர்த்து மறுபடி வகுத்துப் பார்த்து, நோட்டில் 86.7 என்று எழுதி இரண்டு கோடு போட்டது.

அந்த நாலரை மீட்டர் லைனின் மாதிரி என்னிடம் இருக்கிறது, வால்வு திறந்தது ஒன்று, மூடியது ஒன்று. அது எந்த நிறுவனத்தின் வரைபடமும் இல்லை, நானே அமைத்தது. கல்லூரி ஆசிரியர்கள், பிளாண்டில் இருக்கும் தம்பிகள், தங்கைகள் யார் கேட்டாலும் அனுப்புகிறேன். உங்கள் லைனில் எடுத்த அளவு ஏதாவது இருந்தால், இடத்தின் பெயரை நீக்கிவிட்டு எனக்கு அனுப்புங்கள். கையேட்டின் இரண்டாம் அத்தியாயத்துக்கு நிஜமான லைன் ஒன்று தேவைப்படுகிறது.