எதிர்ப்பு சக்தியைக் கூட்டுகிறோம் என்று கல்லீரலைச் சீண்ட வேண்டாம்

“நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும், இயற்கையானது, பக்கவிளைவே கிடையாது.” மூன்றையும் ஒரே பாட்டிலில் ஒட்டி விற்கிறார்கள். நாமும் வாங்கி வந்து வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் வெறும் வயிற்றில் கொடுக்கிறோம். இது எனக்கு உண்மையிலேயே கோபத்தைத் தருகிறது. எதிர்ப்பு சக்தியைக் கூட்டக் கூட்ட நல்லது என்று யார் சொன்னார்கள்? கல்லீரல் விஷயத்தில் அது அப்பட்டமான தவறு.

கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு குடல் பக்கத்திலிருந்து வருகிறது. தின்றது, குடித்தது, முழுங்கிய மாத்திரை, குடல் கிருமிகளின் துணுக்குகள் எல்லாம் அதில் இருக்கும். அந்த ரத்தம் ஓடும் நுண்குழாய்களின் சுவரிலேயே, கிருமிகளை விழுங்கி அழிக்கும் குஃப்பர் செல்கள் என்ற காவல் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. நம் உடம்பின் திசுக்களில் குடியிருக்கும் விழுங்கு செல்களில் 80 சதவீதத்துக்கு மேல் இவைதான். இத்தனை காவல் இருந்தும் கல்லீரல் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கிறது, ஏனென்றால் உள்ளே வரும் ஒவ்வொரு அந்நியப் பொருளுக்கும் அது கொதித்தெழுந்தால் நம்மால் ஒரு வேளைச் சோறுகூடச் சாப்பிட முடியாது. அந்தப் பொறுமை இருக்கும்வரைதான் கல்லீரல் நலமாக இருக்கும்.

ரசாயனம் அந்தப் பொறுமையை இரண்டு விதமாகக் கெடுக்கும். ஒன்று, அளவைப் பொறுத்தது. பாராசிட்டமால் இதற்குத் தெளிவான உதாரணம். அளவு மீறினால் அதிலிருந்து உருவாகும் ஒரு வீரியமான துணைப்பொருள் நச்சை முறிக்கும் குளூட்டாதயோன் என்ற பொருளின் கல்லீரல் இருப்பைத் தீர்த்துவிட்டு, செல்லின் புரதங்களில் போய் ஒட்டி, செல்லையே கொன்றுவிடுகிறது. செத்த செல்லிலிருந்து வெளியே கொட்டுவதைக் குஃப்பர் செல்கள் அபாய அறிகுறியாக எடுத்துக்கொண்டு சைட்டோகைன்கள் என்ற அழைப்புப் பொருட்களைச் சுரக்க, ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில், மோனோசைட்டு என்ற வெள்ளை அணுக்கள் ஓடி வருகின்றன. அழற்சி அங்கே தொடங்குகிறது. அப்புறம் அதே மோனோசைட்டுகளில் ஒரு பகுதி குணம் மாறி, செத்ததை அள்ளிப் புண்ணை ஆற்றவும் செய்கிறது, அது தனி அதிசயம். இந்த வகைக்கு மாற்று மருந்தாவது இருக்கிறது. அளவு மீறிச் சாப்பிட்ட 8 மணி நேரத்துக்குள் அசிட்டைல்சிஸ்டீன் என்ற அந்த மருந்தைக் கொடுத்தால் கல்லீரல் பெரும்பாலும் தப்பிவிடும்.

இரண்டாவது வகைதான் என் கவலை. அதில் எவ்வளவு சாப்பிட்டோம் என்பதைவிட யார் சாப்பிட்டார்கள் என்பதே பெரிது. மருந்தோ மூலிகையோ, அதன் ஒரு மூலக்கூறு கல்லீரல் செல்லின் புரதத்தில் ஒட்டிக்கொள்ள, டி செல்கள் என்ற எதிர்ப்பு மண்டலச் செல்கள் அதை எதிரி என்று நினைத்துத் தாக்குவதாகத்தான் பல மருந்துகளில் விளக்குகிறார்கள். ஆயிரம் பேருக்கு ஒன்றும் ஆகாது, ஒருவருக்குக் காமாலை வரும். “எங்க வீட்ல எல்லாரும் வருஷக்கணக்கா குடிக்கிறோம், ஒண்ணும் ஆகல” என்கிற சாட்சி இங்கே செல்லாமல் போவது அதனால்தான்.

சீந்தில் கொடியையே எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனா காலத்தில் நாடு முழுக்கச் சாறாகவும் கஷாயமாகவும் மாத்திரையாகவும் குடித்தார்கள். 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மும்பையில் 6 பேர் கல்லீரல் பாதிப்போடு வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள், அதில் ஒருவர் இறந்தார். அடுத்து 13 மருத்துவ மையங்களிலிருந்து 43 பேரின் விவரங்களைத் தொகுத்து 2022-ல் வெளியிட்டார்கள். பலரிடம் தெரிந்தது தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சியின் சாயல், அதாவது சொந்தக் காவல் செல்களே கல்லீரலைத் தாக்கும் நிலை. சிலருக்கு அந்த நோய் வெளியே தெரியாமல் முன்பே உள்ளே இருந்திருக்கலாம், சீந்தில் அதைத் தட்டி எழுப்பியிருக்கலாம் என்பது மருத்துவர்களின் கருத்து. ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது, சீந்தில் பாதுகாப்பானது என்று அறிக்கை விட்டது. என்னால் அதை ஏற்க முடியவில்லை. எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டும் என்பதுதான் இந்த மூலிகையின் விற்பனை வாசகமே, அப்படியானால் ஏற்கெனவே தூண்டப்பட்டு நிற்பவர் உடம்பில் அது என்ன செய்யும் என்று கேட்காமல் எப்படி இருப்பது?

மஞ்சளுக்கும் இதே கதைதான். குழம்பில் போடும் மஞ்சளைச் சொல்லவில்லை. மிளகுச் சத்து சேர்த்து, உடம்பு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும்படி செய்த காப்ஸ்யூல்களைச் சொல்கிறேன். அமெரிக்காவில் மருந்துவழிக் கல்லீரல் பாதிப்புகளைக் கண்காணிக்கும் மருத்துவக் குழு மஞ்சளால் வந்த 10 பேரின் பாதிப்பை ஆராய்ந்ததில் 7 பேருக்கு எச்எல்ஏ-பி*35:01 என்ற ஒரே மரபணு வகை இருந்தது. எச்எல்ஏ என்பது எதை எதிரி என்று டி செல்லுக்குக் காட்டுவது என்கிற வேலையைச் செய்யும் புரதம். நமக்குள் அந்த வகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டா காப்ஸ்யூல் வாங்குகிறோம்?

சித்த மருத்துவத்தைத் திட்டுவதாக நினைக்க வேண்டாம். ஆங்கில மருந்திலும் இதே ஆபத்து உண்டு, காசநோய் மாத்திரைகளும் சில ஆன்டிபயாட்டிக்குகளும் கல்லீரலைத் தாக்கும். (இதைப் படித்துவிட்டுக் காசநோய் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் போங்கள்.) ஆனால் அங்கே பக்கவிளைவு அச்சிடப்பட்டிருக்கிறது, ரத்தப் பரிசோதனை எழுதித் தருகிறார்கள். மூலிகை பாட்டிலில் ஏன் ஒரு வரி எச்சரிக்கைகூட இல்லை? மருந்து என்று விற்றால் மருந்துக்கான பொறுப்பும் வர வேண்டாமா?

லூபஸ், முடக்குவாதம், தன்னெதிர்ப்பு தைராய்டு மாதிரி தன்னெதிர்ப்பு நோய் ஏதாவது இருப்பவர்கள் இந்த ‘சக்தி’ பொருட்கள் பக்கமே போக வேண்டாம். மற்றவர்களுக்கும் பசி அடியோடு போய், சிறுநீர் கருமஞ்சளாகி, உடம்பு அரித்தால், உடனே அந்தப் பொருளை நிறுத்திவிட்டு எல்எஃப்டி என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். காமாலை வந்துவிட்டது என்று அதற்கு மேல் இன்னொரு கஷாயம் குடிக்கத் தொடங்குவதுதான் மிக மோசம், பொன்னான நாட்கள் அதில் போய்விடுகின்றன. டாக்டரிடம் போகும்போது “மருந்து எதுவும் சாப்பிடலை” என்று சொல்லாமல் சூரணம், லேகியம், புரோட்டீன் பவுடர் வரை எல்லா டப்பாவையும் பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.