மாப்பிள்ளையின் கோட்டையும் மாமாவின் தொட்டியும்

(இடம்: தென் பிரான்சில், கோர்பியேர் மலைப்பகுதியில், தெர்ம் என்னும் சிற்றூருக்கு மேலே இடிந்த கோட்டைக்கு ஏறும் கல் பாதை. காலம்: ஆகஸ்டு மாதத்து நண்பகல். இந்த நேரத்தில்தான் மலை ஏற வேண்டும் என்று முடிவு செய்தவர் மாப்பிள்ளை. துலூஸ் நகரில் வேலை பார்க்கும் அவருக்குக் கோட்டை என்றால் உயிர். மாமா குடிநீர்த் துறையில் 34 ஆண்டுகள் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியாரும் மகளும் "முழங்கால் வலிக்கிறது" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டு வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். முழங்கால் வலி உண்மையில் இருப்பது மாமாவுக்குத்தான். ஆனால் மாப்பிள்ளை அழைத்து மறுக்க அவருக்கு மனம் வரவில்லை.)

மாமா: மாப்பிள்ளை, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முந்தாநாள் பார்த்ததும் கோட்டை, நேற்றுப் பார்த்ததும் கோட்டை, இன்று பார்க்கப் போவதும் கோட்டை. இந்த நாட்டில் சமதளத்தில் யாரும் எதையும் கட்டவே இல்லையா?

மாப்பிள்ளை: நேற்றுப் பார்த்த மினேர்வ் கோட்டை அல்ல மாமா, மலைக்கிராமம். பிரான்சின் மிக அழகிய கிராமங்கள் எவை என்று 1982 முதல் ஒரு சங்கம் பட்டியல் வைத்திருக்கிறது. மக்கள்தொகை 2000-ஐத் தாண்டிய ஊரை அதில் சேர்க்கவே மாட்டார்கள். மினேர்வ் அந்தப் பட்டியலில் இடம்பெற்ற ஊர்.

மாமா: வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, பள்ளத்தாக்கின் மேல் பாலத்தைக் கடந்து, கல் பாவிய சந்தில் செங்குத்தாக ஏற வேண்டிய ஊரில் 2000 பேர் எப்படிச் சேருவார்கள்? நான் பார்த்த வரையில் அங்கே இருந்தவர்கள் எல்லோரும் நம்மைப் போல வெளியூர்க்காரர்கள்தான். ஒரே ஒரு பூனை மட்டும் உள்ளூர்.

மாப்பிள்ளை: 1210-இல் அந்த ஊர் நிரம்பி வழிந்தது மாமா. போப்பாண்டவரின் ஆணைப்படி வடக்கிலிருந்து வந்த சிலுவைப் படைக்கு அஞ்சி, கத்தார்கள் அங்கே அடைக்கலம் புகுந்திருந்தார்கள்.

மாமா: கத்தாரிலிருந்து இவ்வளவு தூரம் வந்தார்களா? என் தம்பி மகன்கூட அங்கேதான் இருக்கிறான். அவனுக்கு விமானத்தில் வருவதற்கே விடுமுறை கிடைப்பதில்லை.

மாப்பிள்ளை: அந்தக் கத்தார் இல்லை மாமா. இவர்கள் இந்தப் பகுதியைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள். திருச்சபையின் போதனையை ஏற்காமல் தனி வழியில் சென்றவர்கள். அவர்களில் தீட்சை பெற்றவர்கள் இறைச்சி, முட்டை, பால், பாலாடைக்கட்டி எதையும் தொட மாட்டார்கள், மறுபிறவியையும் நம்பினார்கள்.

மாமா: அடடா, நம்மவர்கள் போல் இருக்கிறார்களே! இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நேற்று அந்த ஊரில் கூடுதல் மரியாதையோடு நடந்திருப்பேனே.

மாப்பிள்ளை: மீன் மட்டும் சாப்பிடுவார்கள்.

மாமா: பால் கூடாது, மீன் கூடுமா? நம் வீட்டில் இதற்கு நேர் எதிர். சரி, மரியாதையில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அது இருக்கட்டும், இவ்வளவு பேர் ஒரு பாறையின் உச்சியில் அடைந்து கிடந்தார்களே, தண்ணீருக்கு என்ன செய்தார்கள்?

(மாப்பிள்ளை பெருமூச்சு விடுகிறார். மூன்று நாள்களாக எந்த மதிலைக் காட்டினாலும் மாமாவிடமிருந்து வருவது இந்த ஒரே கேள்விதான்.)

மாப்பிள்ளை: பாறையின் அடிவாரத்தில் ஒரு கிணறு இருந்தது; அதற்கு இறங்கிச் செல்ல மூடிய பாதை ஒன்றும் இருந்தது. படைத்தலைவன் சிமோன் தெ மோன்ஃபோர் பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறம் பெரிய கவண்பொறிகளை நிறுத்தினான். அவற்றில் மிகப் பெரியதற்கு 'மால்வுவாசீன்' என்று பெயர். கெட்ட அண்டை வீட்டுக்காரி என்று பொருள்.

மாமா: பெயர் வைத்தவன் அனுபவசாலி.

மாப்பிள்ளை: அந்தப் பொறி அந்தப் பாதையையும் கிணற்றையும் கல்லால் அடித்து நொறுக்கிவிட்டது. அப்போதும் ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை மாமா. ஓர் இரவில் சணல் நார், காய்ந்த விறகு, கொழுப்பு எல்லாம் நிரப்பிய கூடைகளோடு பதுங்கிப் போய் அந்தப் பொறிக்குத் தீ வைத்தார்கள். பற்றி எரிந்திருந்தால் வரலாறே மாறியிருக்கும். ஆனால் அதே நேரத்தில் பொறியை இயக்குபவர்களில் ஒருவர் ஒதுங்குவதற்காக எழுந்து வந்திருந்தார். தீயைப் பார்த்துக் கூச்சலிட்டுவிட்டார். ஈட்டிக் குத்தும் வாங்கினார், பொறியையும் காப்பாற்றினார்.

மாமா: பார்த்தீர்களா! நான் இரவில் மூன்று முறை எழுந்திருக்கிறேன் என்று உங்கள் மாமியார் குறை சொல்கிறாள். ஒரு படையையே காப்பாற்றிய பழக்கம் இது என்று வீட்டுக்குப் போனதும் நீங்கள்தான் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

மாப்பிள்ளை: ஏழு வாரங்களில் ஊர் பணிந்தது. நம்பிக்கையைக் கைவிட்டால் உயிர் பிழைக்கலாம் என்றார்கள். கைவிட மறுத்த 140 பேரை எரித்தார்கள். யாரும் தள்ள வேண்டிய தேவை இருக்கவில்லை, அவர்களாகவே தீயில் இறங்கினார்கள் என்று எதிர்த்தரப்புத் துறவி ஒருவரே எழுதி வைத்திருக்கிறார்.

மாமா: (சற்று நேரம் பேசாமல் நடந்த பிறகு) தமிழில் 'கத்தார்' என்றால் கத்தாதவர் என்றும் பொருள் வரும், மாப்பிள்ளை. மீனுக்காகத் திரும்ப எடுத்த பாதி மரியாதையையும் கொடுத்துவிடுகிறேன்.

(இருவரும் ஒரு திருப்பத்தில் நின்று மூச்சு வாங்குகிறார்கள். மாமா வாங்கும் மூச்சு சற்று அதிகம்.)

மாமா: முந்தாநாள் பார்த்த கார்கசோனில் மட்டும் எனக்கு ஒரு நிறைவு இருந்தது. கோபுரங்களுக்குக் கூரை இருந்தது, உட்கார இடம் இருந்தது.

மாப்பிள்ளை: அங்கே 52 கோபுரங்கள், மொத்தம் 3 கிலோமீட்டர் மதில் மாமா. ஆனால் நீங்கள் மெச்சும் அந்தக் கூரைகளைத்தான் அறிஞர்கள் இன்றும் குறை சொல்கிறார்கள். 1853-இல் சீரமைப்பைத் தொடங்கிய கட்டடக் கலைஞர் வியோலெ-லெ-தூக், வட பிரான்சுப் பாணியில் கூம்புக் கூரைகளுக்குக் கற்பலகை வேய்ந்துவிட்டார் என்பது அவர்கள் வாதம்.

மாமா: ஒழுகுகிறதா?

மாப்பிள்ளை: ஒழுகவில்லை.

மாமா: அப்படியானால் குறை இல்லை. சரி, அந்த ஊரையாவது அந்தப் படையால் பிடிக்க முடிந்திருக்காதே?

மாப்பிள்ளை: (தயங்கி) 1209 ஆகஸ்டில் இரண்டே வாரத்தில் பிடித்துவிட்டார்கள். வெளிமதில் பிற்காலத்தில் பிரெஞ்சு மன்னர்கள் கட்டியது, அப்போது இருக்கவில்லை. சுற்று வட்டாரத்து மக்களெல்லாம் உள்ளே வந்து குவிந்திருந்தார்கள். ஆற்றுக்குப் போகும் வழியைப் படை மறித்துவிட்டது, அந்த வெயிலில் கிணறுகளும்...

மாமா: வற்றிவிட்டன. சொல்லுங்கள், சொல்லுங்கள். நீங்கள் மூன்று நாள்களாக வீரம், துரோகம், சூழ்ச்சி என்று என்னென்னவோ சொல்கிறீர்கள். நான் கோப்பில் ஒரே வரியில் எழுதிவிடுவேன்: குடிநீர்ப் பற்றாக்குறை.

(கோட்டைக்கு வந்து சேர்கிறார்கள். புதர்களுக்கு நடுவே உடைந்த மதில் துண்டுகள். சிலுவை வடிவில் வெட்டிய சாளரத்தோடு ஒரு சிற்றாலயச் சுவர் மட்டும் நிமிர்ந்து நிற்கிறது.)

மாமா: மாப்பிள்ளை, நாம் வழி தவறிவிட்டோமா? கோட்டை எங்கே?

மாப்பிள்ளை: இதுதான் மாமா. 1653, 1654-இல் அரசு ஆணைப்படி வெடிமருந்து வைத்துத் தகர்த்துவிட்டார்கள். அந்தச் சாளரத்தைப் பாருங்கள், எவ்வளவு அழகு! நீங்கள் அதன் பக்கத்தில் நில்லுங்கள், ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன். கையில் இருப்பதையெல்லாம் இந்தக் கல்லின் மேல் வைத்துவிட்டு வருகிறேன்.

(படம் எடுத்தாகிறது. நிழல் தேடி உட்கார்ந்து, மகள் கட்டிக் கொடுத்த புளியோதரையை இருவரும் காலி செய்கிறார்கள்.)

மாமா: தண்ணீரைக் கொடுங்கள்.

மாப்பிள்ளை: தண்ணீர்... பாட்டில் காரிலேயே இருந்துவிட்டது மாமா.

மாமா: (நெடுநேரம் அந்தச் சாளரத்தைப் பார்த்துவிட்டு) இந்தக் கோட்டை எப்படி விழுந்தது என்று சொல்லுங்கள். எனக்கு ஏற்கெனவே தெரியும். உங்கள் வாயால் கேட்க வேண்டும்.

மாப்பிள்ளை: 1210 ஆகஸ்டு முதல் நவம்பர் வரை முற்றுகை. கோட்டைத் தலைவர் முதியவர் ரேமோன் கொஞ்சமும் அசரவில்லை. கோடையில் தொட்டிகள் வறண்டுவிட்டன. இரண்டு மூன்று மாதத்துக்குப் போதுமான திராட்சை மது மட்டும் இருந்தது.

மாமா: மது இருந்தது, தண்ணீர் இல்லை. இந்த நிலைமைக்கு நான் எந்த ஊர் என்று சொல்ல வேண்டுமா?

மாப்பிள்ளை: வேண்டாம் மாமா. வேறு வழியின்றி, மறுநாள் காலையில் கோட்டையை ஒப்படைப்பதாக ரேமோன் ஒப்புக்கொண்டார். அன்றிரவே பெருமழை கொட்டியது, தொட்டிகள் நிரம்பின. காலையில் "ஒப்படைக்க முடியாது, போங்கள்" என்று சொல்லிவிட்டார்.

மாமா: மழை வந்ததும் பேச்சை மாற்றினாரா? அசல் அரசியல் தலைவர்தான். பிறகு?

மாப்பிள்ளை: அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள், அதிலேயே மாவும் பிசைந்தார்கள். கோட்டை முழுவதும் சீதபேதி.

மாமா: (துள்ளி எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு) வராமல் என்ன செய்யும்? மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த தொட்டி, அடியில் செத்த எலியும் பறவை எச்சமும், கூரையெல்லாம் புழுதி! முதல் மழைநீரைத் தொட்டிக்குள் விடக் கூடாது, வெளியேற்றிவிட்டு அடுத்த மழையைத்தான் பிடிக்க வேண்டும் என்று வீடு வீடாகப் போய் நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். ஒரே ஒரு திருப்புக்குழாய், மாப்பிள்ளை! அது இருந்திருந்தால் சிமோன் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்திருப்பான்.

மாப்பிள்ளை: இருட்டில் எல்லோரும் தப்பி ஓடினார்கள். ரேமோனும் தப்பியிருப்பார், எதையோ மறந்துவிட்டேன் என்று தனியாகக் கோட்டைக்குத் திரும்பி, ஒரு சாதாரணக் காலாட்படை வீரனிடம் சிக்கிக்கொண்டார். கார்கசோன் சிறையிலேயே இறந்தார்.

மாமா: அப்படி எதை மறந்தார்?

மாப்பிள்ளை: அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

(இறங்கி வருகிறார்கள். மேற்கே வானம் கருக்கிறது. ஊரில் இருந்த ஒரே உணவகம் பூட்டியிருக்கிறது. கார் அருகே வந்ததும் மாப்பிள்ளை சட்டைப் பையைத் தடவுகிறார், காற்சட்டைப் பையைத் தடவுகிறார், மறுபடியும் சட்டைப் பையைத் தடவுகிறார்.)

மாப்பிள்ளை: மாமா... சாவி... அந்தக் கல்லின் மேல்...

மாமா: பாட்டில்?

மாப்பிள்ளை: உள்ளேதான் இருக்கிறது. கண்ணாடி வழியாகப் பாருங்கள், பின்சீட்டில் தெரிகிறது.

மாமா: தெரிகிறது. நிறையத் தெரிகிறது. ரேமோன் எதை மறந்தார் என்பதும் இப்போது எனக்கு ஒருவாறு தெரிகிறது.

மாப்பிள்ளை: ஒரு மணி நேரத்தில் போய் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் மாமா. தூறல் வேறு விழுகிறது, அந்தத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நில்லுங்கள்.

மாமா: (புளியோதரை டப்பாவைத் திறந்து, துண்டால் நன்றாகத் துடைத்துவிட்டு) நிதானமாகப் போய் வாருங்கள். முதல் பத்து நிமிட மழையை நான் எப்படியும் பிடிக்கப் போவதில்லை.