நியூட்டன் கதையை முழுசாகச் சொல்லுங்கள்

கிருபையைப் பற்றிய 'அமேசிங் கிரேஸ்' என்ற ஆங்கிலக் கிறிஸ்தவப் பாட்டை எழுதிய ஜான் நியூட்டன் நம் பிரசங்கங்களில் அடிக்கடி வருவார். அடிமைக் கப்பலில் வேலை பார்த்தார், நடுக்கடலில் புயல் அடித்தது, ஆண்டவரை நோக்கிக் கூப்பிட்டார், இரட்சிக்கப்பட்டார், அந்த வியாபாரத்தை உதறிவிட்டுப் போதகரானார், பாட்டு எழுதினார். அஞ்சு நிமிஷத்தில் கதை முடிந்துவிடும். சபையும் அல்லேலூயா சொல்லிவிடும்.

ஆனால் நடந்தது அப்படி இல்லை. புயல் அடித்தது 1748 மார்ச்சில். அன்றைக்கு அவர் உண்மையாகத்தான் ஜெபித்தார். சாகும்வரை அந்த நாளை மறக்கவும் இல்லை. ஆனால் அதற்கு அப்புறம்தான் அவர் அடிமைக் கப்பலுக்குக் கேப்டனே ஆனார். 1750க்கும் 1754க்கும் இடையில் மூன்று பயணம். மேல்தளத்தில் மாலுமிகளுக்கு ஞாயிறு ஆராதனை நடத்துவார். கீழே சங்கிலியில் மனிதர்கள் கிடப்பார்கள். வேதம் வாசிப்பார், மனைவிக்கு உருக்கமாகக் கடிதம் எழுதுவார். கடல் தொழிலை விட்டதுகூட மனசாட்சி குத்தி அல்ல, உடம்பு ஒத்துழைக்காமல் போனதால். அந்தப் பாட்டு ஓல்னி என்ற ஊரில், 1773 புத்தாண்டு ஆராதனைக்காக எழுதியது. அடிமை வியாபாரத்துக்கு எதிராக அவர் பகிரங்கமாக எழுதியதோ 1788ல். புயலுக்கும் அதற்கும் நடுவே 40 வருஷம்!

இதைச் சொன்னால் "தேவ மனிதரைக் குறை சொல்லாதே" என்பார்கள். எனக்கென்னவோ முழுக்கதைதான் பெரிய சாட்சியாகத் தெரிகிறது. கப்பல் மூழ்கப்போகும்போது யார்தான் ஜெபிக்க மாட்டார்கள்? 60 வயதைத் தாண்டி, லண்டனில் எல்லாரும் மதிக்கும் போதகராக இருக்கும்போது, "இதை நானும் செய்தேன்" என்று தன் பெயரைப் போட்டு அச்சில் எழுதினாரே, பாராளுமன்றக் கமிட்டி முன்னால் போய்க் கப்பலுக்குள் நடந்ததைச் சொன்னாரே, அதுதான் கடினம். 1788ல் எழுதிய அந்தச் சின்னப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. தன் அறிக்கை எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும், தான் துணைபோன கொடுமையைத் தடுக்கவோ சரிசெய்யவோ முடியாத அளவுக்குத் தாமதமாகிவிட்டது என்கிறார். கிருபையைப் பற்றிப் பாட்டு எழுதியவரே இப்படிச் சொல்கிறார்.

பாவத்தின் சம்பளம் மரணம் என்று சொல்லும்போது, அந்தச் சம்பளம் பாவம் செய்தவனுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். நியூட்டனுக்கு மன்னிப்பு கிடைத்தது என்று நான் முழுமனதோடு நம்புகிறேன். ஆனால் அவர் கொண்டுபோய் விற்றவர்களுக்கு அதனால் வீடு திரும்ப வழி பிறக்கவில்லை.

நம் சபைகளின் சாட்சி நேரத்தை யோசித்துப் பாருங்கள். "சீட்டு நடத்தி ஊரை ஏமாற்றினேன், ஆண்டவர் என்னை மன்னித்தார், இப்போது சொந்த வீடு தந்திருக்கிறார்." கைதட்டுகிறோம். சீட்டுக் கட்டினவர்களின் பணம் என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. தம்பியின் பங்கு நிலத்தை எழுதி வாங்கியவர், மருமகளை நகைக்காக வாட்டியவர், எல்லாருக்கும் இதே கதைதான். மன்னிப்பு ஆண்டவரோடு முடிந்துபோன கணக்கு, மற்றவர்கள் அதில் தலையிடக்கூடாது! இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய வரி வசூல்காரன் சகேயு அப்படி நினைக்கவில்லை. மரத்தைவிட்டு இறங்கின அன்றைக்கே ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினது நாலத்தனையாகத் திரும்ப, என்று பணக்கணக்கு பேசினான். 'இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது' என்று இயேசு சொன்னது அதற்கு அப்புறம்தான்.

"அப்படியானால் கிரியையினாலா இரட்சிப்பு?" என்று கமென்டில் கேட்கப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே: இல்லை, கிருபையினால்தான். அதைச் சொல்லும் எபேசியர் 2ஆம் அதிகாரம் 8, 9 வசனங்களை நானும் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தவன்தான். நற்கிரியைகளைச் செய்யவே கிறிஸ்துவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று பவுல் அடுத்த வசனத்திலேயே எழுதுகிறார். அந்தப் பத்தாம் வசனத்தையும் ஒருமுறை படித்துவிட்டு என்னோடு சண்டைக்கு வாருங்கள்.