செல்ஃப் அடிக்கிறது, இன்ஜின் பிடிக்கவில்லை: ஊகத்துக்கு நாம் ஏன் பணம் கட்ட வேண்டும்?

சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாக அடிக்கிறது, இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்க மாட்டேன் என்கிறது என்று சொல்லி ஒரு பெட்ரோல் காரைப் பட்டறையில் விட்டுப் பாருங்கள். பானெட்டைத் திறப்பதற்கு முன்பே "பம்ப் போயிருக்கும் சார்" என்று தீர்ப்பு வந்துவிடும். டேங்கிலிருந்து பெட்ரோலை ஏற்றும் அந்தப் பம்ப்பை மாற்றியும் பிடிக்காவிட்டால் "அப்ப பிளக்கா இருக்கும்" என்பார்கள், அதுவும் பலிக்காவிட்டால் பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயில், அதற்கும் அடுத்து இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ. ஒவ்வொரு ஊகமும் தவறிப்போகும்போது அதற்கான விலை மட்டும் தவறாமல் நம் பில்லில் ஏறிக்கொண்டே போகிறது. இதற்குப் பழுதுபார்ப்பு என்று பெயர் வைத்திருப்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

செல்ஃப் அடிக்கிறது என்ற ஒரு செய்தியே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் அவற்றின் கேபிள்களும் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன என்பதுதான் அதன் பொருள். வலுவிழந்த பேட்டரியும் இன்ஜினை எப்படியோ சுற்றிவிடும், ஆனால் அப்போது மின்னழுத்தம் அதிகமாகச் சரிந்தால் ஈசியூ ஒழுங்காக இயங்காமல் போகலாம் என்பதால்தான் "பெரும்பாலும்" என்கிறேன். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரியில் வைத்துக்கொண்டு ஒருமுறை செல்ஃப் அடித்து, 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்குகிறதா என்று பார்த்தால் அந்தச் சந்தேகமும் தீர்ந்துவிடும். அதன் பிறகு விசாரிக்க வேண்டியவை பெட்ரோல் வருகிறதா, பிளக்கில் கரண்ட் வருகிறதா, சிலிண்டரில் அழுத்தம் இருக்கிறதா, இவை மூன்றும் சரியான தருணத்தில் நடக்கின்றனவா என்பவை மட்டுமே. வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருந்தால் செல்ஃப் அடிக்கும் சத்தமே மாறிவிடும், வழக்கமான ஏற்ற இறக்கம் இல்லாமல் இன்ஜின் வெறுமனே வேகமாகச் சுழலும் என்பது காதுள்ள எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். சரியான சாவி இல்லாமல் இன்ஜினைப் பிடிக்க விடாத திருட்டுத் தடுப்பு அமைப்பான இம்மொபிலைசரின், சாவிப் படம் போட்ட விளக்கு மீட்டரில் மின்னிக்கொண்டிருந்தால், எதையும் கழற்றாமல் முதலில் மாற்றுச் சாவியைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதும் தெரியும். தெரிந்தும் செய்யாமல் இருப்பதுதான் என் கோபத்துக்குக் காரணம்.

என் காருக்கு நடந்ததைச் சொல்கிறேன். சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்தால் பின்சீட்டுக்கு அடியிலிருந்து ஏறத்தாழ இரண்டு நொடிக்கு ஒரு ரீங்காரம் கேட்டது, அதாவது பம்ப் ஓடியது. செல்ஃப் அடிக்கும்போது அந்தச் சத்தம் இல்லை, இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் மீட்டரின் முள்ளும் சுழியத்தை விட்டு அசையவே இல்லை. செல்ஃப் அடிக்கையில் அந்த முள் லேசாகத் துள்ளி எழுவதை அந்தக் காரில் நான் எப்போதும் பார்த்திருக்கிறேன், ஆகவே இரண்டையும் சூப்பர்வைசரிடம் தெளிவாகச் சொன்னேன். "அதெல்லாம் கணக்கில்லை சார், நாங்க பார்த்துக்கிறோம்" என்பதுதான் கிடைத்த மறுமொழி. பிறகு என் கண்ணெதிரிலேயே இன்ஜின் பக்கமிருந்த பெட்ரோல் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டுச் செல்ஃப் அடித்தார்கள். குழாய் கொஞ்சமாகத் துப்பிவிட்டு நின்றது. "பார்த்தீங்களா, பெட்ரோல் ஏறலை" என்று சொல்லி டேங்குக்குள் இருக்கும் பம்ப்பை முழுத் தொகுப்பாக மாற்றினார்கள்.

இதில் எனக்கு ஆற்றாமை தருவது என்னவென்றால், துப்பிய அந்தக் கொஞ்சம் பெட்ரோலே பம்ப் உயிரோடு இருக்கிறது என்பதற்குச் சாட்சி. சாவியை ஆன் செய்ததும் ஈசியூ, பம்ப்புக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்சான ரிலேயை இரண்டு நொடி மட்டும் இயக்கிக் குழாயில் அழுத்தத்தை ஏற்றி வைக்கும். அதற்குப் பிறகு இன்ஜின் சுற்றுகிறது என்ற சிக்னல், இன்ஜினின் சுழற்சியை உணரும் கிராங்க் சென்சாரிடமிருந்து வந்தால்தான் பம்ப்பைத் தொடர்ந்து ஓட விடும். விபத்தில் இன்ஜின் நின்றுபோன வண்டியில் பெட்ரோல் பீறிட்டுக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. ஆன் செய்ததும் ஓடிய பம்ப் செல்ஃப் அடிக்கும்போது நிற்கிறது என்றால் பம்ப், அதன் ஃபியூஸ், ரிலே மூன்றும் வேலை செய்கின்றன, ஓடச் சொல்லும் உத்தரவுதான் வரவில்லை என்று அர்த்தம். ஆர்பிஎம் முள் அசையாததும் கிராங்க் சிக்னல் வரவில்லை என்பதையே சுட்டியது. பம்ப்பின் கனெக்டரைப் பிரித்து ஒரு டெஸ்ட் லைட்டை வைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் வெளிச்சமாகியிருக்கும். எர்த்தும் சரியாக இருந்து, 12 வோல்ட் வந்தும் ஓடாவிட்டால்தான் பம்ப் கெட்டது. 12 வோல்ட்டே வராத இடத்தில் தங்கத்தால் செய்த பம்ப்பை மாட்டினாலும் அது ஓடப்போவதில்லை.

புதிய பம்ப் போட்டும் பிடிக்காததால் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார்கள், அங்கே கரண்டும் இல்லை. பெட்ரோலும் கரண்டும் ஒரே நேரத்தில் காணாமல் போனால், இரண்டுக்கும் மேலே இருக்கிற ஒரே ஒரு காரணத்தைத்தான் தேட வேண்டும். கிராங்க் சென்சாரின் சிக்னல், ஈசியூவுக்கு வரும் மின்சாரம், எர்த், இம்மொபிலைசர் என்று அந்தப் பட்டியல் மிகச் சிறியது. ஆனால் பட்டறையோ நான்கு பிளக்குகளையும் காயில்களையும் மாற்றியது, பிறகு ஈசியூவுக்கு விலை சொன்னது. நான் மறுத்து, வயரிங் பார்ப்பவரை வைத்துச் சோதித்தால்தான் வண்டியைத் தொட விடுவேன் என்று நின்ற பிறகே எலக்ட்ரீசியன் வரவழைக்கப்பட்டார். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு அருகே கிராங்க் சென்சாருக்குப் போகும் வயரை எலி கடித்து வைத்திருந்தது. மேலுறை உரிந்து, செம்புக் கம்பி பச்சை பூத்து, ஒன்று முழுவதும் அறுந்து தொங்கியது. அதை வெட்டி, ஒட்டி, உறை போட்டு மூடியதும் வண்டி முதல் அடியிலேயே பிடித்துக்கொண்டது. அந்த வேலைக்கு ஆன கூலி, தேவையே இல்லாமல் மாற்றிய பாகங்களின் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அந்தப் பணத்தைக் கேட்டால் "எலக்ட்ரிக்கல் ஐட்டம் ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்க சார்" என்றார்கள். சரி, நல்ல நிலையில் இருந்த என் பழைய பம்ப்பையாவது கொடுங்கள் என்றேன், அது ஸ்கிராப்பில் போய்விட்டதாம். என் பணத்தில் அவர்கள் ஊகம் செய்யலாம், ஆனால் ஊகம் பொய்த்தால் நட்டம் மட்டும் எனக்கே என்பது எந்த ஊர் நியாயம்?

ஈசியூவில் பதிவான கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர் வந்துவிட்டதே என்பார்கள். பி0335 என்று ஒரு குறியீடு காட்டினால் அதன் பொருள் கிராங்க் சென்சாரின் சுற்றில் கோளாறு என்பதுதான், சென்சாரைத் தூக்கிப் போடு என்பதல்ல. வயர், கனெக்டர், சென்சார் உணரும் பற்சக்கரம், சென்சார் என்று நான்கில் எதுவும் காரணமாக இருக்கலாம். சில வண்டிகளில் கிராங்க் சிக்னலே வராதபோது இன்ஜின் சுற்றவில்லை என்று ஈசியூ கருதிவிடுவதால் எந்தக் குறியீடும் பதிவாவதில்லை. சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் சென்சார் கிடையாது என்பதால் அழுத்தம் விழுந்தாலும் ஸ்கேனருக்கு நேரடியாகத் தெரியாது. ஆகவே திரையில் குறியீடு இல்லை என்று காட்டிவிட்டு வண்டியில் கோளாறே இல்லை என்று சாதிப்பதும், குறியீடு வந்தவுடன் பாகத்தை ஆர்டர் செய்வதும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரண்டு முகங்கள். சூடானால் மட்டும் செயலிழக்கும் கிராங்க் சென்சார் வாய்த்தவர்களின் நிலை இன்னும் கொடுமையானது. நடுரோட்டில் நின்ற வண்டி பட்டறைக்கு இழுத்து வரப்படுவதற்குள் ஆறிப்போய் உடனே பிடித்துவிடுகிறது, சொந்தக்காரரோ இல்லாத கோளாறைச் சொன்னவரைப் போலப் பார்க்கப்படுகிறார்.

வழியில் நின்றால் கூடுகிறவர்கள் "தள்ளினால் பிடிக்கும்" என்று கையை மடித்துக்கொண்டு வருவதையும் சொல்லத்தான் வேண்டும், அவர்களுடைய நல்ல மனத்தில் எனக்குச் சந்தேகமில்லை என்றாலும். தள்ளுவது செல்ஃப் மோட்டார் செய்யும் வேலையைக் கையால் செய்வது. செல்ஃப்பே வலுவாகச் சுற்றியும் பிடிக்காத இன்ஜினைத் தள்ளிச் சுற்றுவதால் என்ன புதிதாக நடக்கும்? கரண்ட் மட்டும் இல்லாமல் இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே இருந்தால், எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே போய், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பாழாக்கும். விடாமல் செல்ஃப் அடிப்பதும் அதேதான். பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து அடித்தாலோ, இடையில் அரை நிமிடமாவது விடாவிட்டாலோ மோட்டார் சூடேறிக் கருகலாம். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியில் செல்ஃப்பையே தொடக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் ஏராளம்.

"சோதிக்கிறதுக்குக் காசு கேட்டா யார் சார் தர்றாங்க" என்று பட்டறைக்காரர்கள் கேட்பதில் ஓரளவு உண்மை உண்டு. கண்ணுக்குத் தெரியும் புதிய பாகத்துக்கு மறு பேச்சில்லாமல் பணம் கொடுக்கும் நாம், ஒரு மணி நேரம் மீட்டரும் கையுமாகக் கோளாறைத் தேடியவருக்குக் கொடுக்க முணுமுணுக்கிறோம். அதற்காகச் சோதனையையே கைவிட்டு, கோளாறு தேடும் செலவை வேண்டாத பாகங்களின் விலையில் மறைத்து வாங்குவதை ஏற்க முடியாது. சோதனைக்கு இவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லட்டும், நான் தருகிறேன். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியில் எத்தனை வோல்ட், பம்ப் கனெக்டரில் கரண்ட் வந்ததா, பெட்ரோல் அழுத்தம் எவ்வளவு, பிளக்கில் கரண்ட் இருந்ததா, கிராங்க் சிக்னல் வந்ததா என்பவற்றை ஜாப் கார்டில் எழுதட்டும். எழுதிய பிறகு எந்தப் பாகத்தை எதற்காக மாற்றுகிறோம் என்று சொல்லி என் ஒப்புதலை வாங்கட்டும், கழற்றிய பழைய பாகத்தை என் கையில் கொடுக்கட்டும்.

கேட்டுப் பெற முடியாதவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இப்படித் தேவையில்லாத பாகங்களை மாற்றிப் பணம் வாங்குவது சேவைக் குறைபாடு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதிவு செய்யலாம், தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணமும் கிடையாது. பில்லையும் ஜாப் கார்டையும் வயரின் படத்தையும் இணைத்து நான் பதிவு செய்துவிட்டேன். பம்ப், பிளக், காயில் மூன்றின் விலையையும் கேட்டிருக்கிறேன். ஒரு ரூபாயைக்கூட விட்டுக்கொடுப்பதாக இல்லை.