ஆலன்கள் அழிந்து போகவில்லை

நேற்றைய இணையவழி உரையைக் கேட்டவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் நடுவே உள்ள காக்கசஸ் மலைநாட்டின் வரலாறு பற்றி ஒன்றரை மணி நேரம் பேசியவர், அங்கே இடைக்காலத்தில் தனி அரசு வைத்திருந்த ஆலன்கள் என்ற மக்களுக்குக் கொடுத்தது ஒரே வரி. குதிரை மேய்த்த நாடோடிக் கூட்டமாம், மங்கோலியர் வந்ததும் அழிந்து போனார்களாம். கேள்வி நேரத்தில் நான் எழுதிப் போட்டதை யாரும் படிக்கக்கூட இல்லை. ராத்திரி தூக்கமே வரவில்லை.

நாடோடிக் கூட்டமா? பத்தாம் நூற்றாண்டில் அரபு வரலாற்றாசிரியர் அல் மசூதி எழுதி வைத்திருக்கிறார்: ஆலன் அரசனால் 30,000 குதிரை வீரர்களைத் திரட்ட முடியும், ஊருக்கு ஊர் அவ்வளவு நெருக்கம், ஓர் ஊரில் சேவல் கூவினால் அடுத்த ஊர் சேவல் பதில் கூவும், அப்படியே நாடு முழுக்கப் போகும். கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு அலைகிறவர்கள் நாட்டிலா இது நடக்கும்? கான்ஸ்டான்டினோபிளில் இருந்து ஆண்ட பைசாந்தியப் பேரரசர் கடிதம் எழுதினால் ஆலனிய அரசனை 'ஆன்மிக மகன்' என்றுதான் விளிப்பார். வடக்குக் காக்கசஸின் ஜெலன்சுக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அவர்கள் கட்டிய கல் தேவாலயங்கள் இன்றும் நிற்கின்றன. பக்கத்து நாடான ஜார்ஜியாவின் அரசி தமாரைப் பெற்ற புர்துகான் ஆலன் அரசன் மகள், தமாரின் இரண்டாவது கணவர் தாவித் சோஸ்லானும் ஆலன் இளவரசர்.

"வடக்கே பேரரசு வைத்திருந்த கசர்களுக்கு அடங்கித்தானே இருந்தார்கள்" என்று ஒருவர் கிளம்புவார். சரி, இருந்தார்கள். கசர்களிடம் தோற்ற பிறகு, 932 வாக்கில், பைசாந்தியம் அனுப்பிய கிறித்தவ ஆயர்களைத் துரத்தியும் விட்டார்கள், அப்புறம் திரும்ப ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு பெரிய அரசுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட மலைநாடு வேறு என்ன செய்யும்? "தலைநகர் மாகாஸ் எங்கே இருந்தது என்றே முடிவாகவில்லையே" என்பார் இன்னொருவர். ஆமாம், ஜெலன்சுக் பள்ளத்தாக்கில் உள்ள கீழ் ஆர்கீஸ் என்பவர்களும் உண்டு, கிழக்கே உள்ள இங்குஷேத்தியா என்பவர்களும் உண்டு. 1239-40 குளிர்காலத்தில் மங்கோலியர் முற்றுகையிட்டு அழித்த ஊர் அது, தேடித்தான் ஆக வேண்டும்.

அந்த 'வந்ததும்' என்ற சொல்தான் என்னை அதிகம் குத்துகிறது. 1222-இல் மங்கோலியத் தளபதிகள் ஜெபேயும் சுபுதாயும் வந்தபோது ஆலன்களும், வடக்கே புல்வெளியில் வாழ்ந்த துருக்கிய இனத்தவரான கிப்சாக்குகளும் சேர்ந்து நின்றார்கள். மங்கோலியரால் வெல்ல முடியவில்லை. கிப்சாக்குகளிடம் போய் "நாமெல்லாம் ஒரே இனம், இவர்கள் வேறு" என்று சொல்லி, பொருளும் துணியும் கொடுத்து, அவர்களைப் பிரித்த பிறகுதான் ஆலன்களை அடிக்க முடிந்தது. அப்புறம் அதே கிப்சாக்குகள் மீதும் பாய்ந்து, கொடுத்ததையெல்லாம் பிடுங்கிக்கொண்டார்கள். இதற்குப் பெயர் வந்ததும் அழிந்து போவதா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். நான் மருத்துவம் படித்தது ரஷ்யாவின் வட ஒசேத்தியாவில் உள்ள விளாதிகவ்காஸ் நகரத்தில். ஆறு வருடம் ஓர் ஒசேத்தியப் பாட்டி வீட்டில் வாடகைக்கு இருந்தேன். ஒசேத்தியர்கள் ஆலன்களின் வழிவந்தவர்கள், பேசுவதும் அந்த மொழியின் தொடர்ச்சி. முதல் வருடம் உடற்கூறியல் தேர்வில் தோற்றுவிட்டு அறையில் முடங்கிக் கிடந்தபோது பாட்டி பாலாடைக்கட்டி வைத்த உவாலிபாக் என்ற வட்ட ரொட்டி மூன்று சுட்டு அடுக்கிக் கொண்டு வந்தார். மூன்றும் கண்ணுக்குத் தெரியும்படி மேலே இருப்பதைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். துக்க வீட்டுக்குத்தான் இரண்டு, உனக்கு மூன்று, எழுந்திரு என்றார்.

தினமும் காலையில் அவர் சொல்வது "தா போன் கோர்ஸ்", உன் நாள் நல்லதாகட்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டினோபிளில் இருந்த ஜான் ட்செட்செஸ் என்ற கவிஞர், ஆலனைப் பார்த்தால் அவன் மொழியிலேயே வணக்கம் சொல்வேன் என்று கிரேக்க எழுத்தில் எழுதி வைத்த சொல் 'தபங்காஸ்'. பாட்டி சொன்ன அதே வணக்கம்தான் அது. இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எண்ணூறு வருடத்துக்கு மேல் வாயில் தங்கியிருக்கும் சொல்!

அந்த உரையின் பதிவு இன்னும் இணையத்தில் இருக்கிறது. அந்த ஒரு வரியைத் திருத்தச் சொல்லி மூன்றாவது முறையாக எழுதியிருக்கிறேன். இன்று காலையும் பாட்டியின் குரல் செய்தி வந்தது. தா போன் கோர்ஸ், சாப்பிட்டாயா என்று கேட்டிருந்தார்.