கடை வாசலில் பேன்ட்டைச் சுருட்டிக் காட்டிய அண்ணன்

போன சனிக்கிழமை, இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் ஒரு பெரிய கடை. பெயர் வேண்டாம். நான் டின் மீனும் புளியும் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறேன், எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் உள்ளே வருகிறார். கூடவே முத்து. கறுப்பு லாப்ரடார், முதுகில் சிவப்புப் பட்டை, பயிற்சி பெற்ற சேவை நாய். செக்யூரிட்டி தம்பி குறுக்கே வந்து நின்றான். "கண் தெரியாதவங்களுக்கு மட்டும்தான் நாய்" என்றான். அண்ணன் சிரித்துக்கொண்டே ஏதோ விளக்கப் பார்த்தார். அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். "உங்களுக்குத்தான் கண் நல்லாத் தெரியுதே?"

அண்ணன் பதில் பேசவில்லை. குனிந்து இடது பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டினார். உள்ளே கால் இல்லை; ஒரு உலோகக் குழாய், அதன் அடியில் ஷூ. பணம் கட்ட வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சரி சரி, போங்க" என்றார். சுருட்டியதை இறக்கிவிட அண்ணனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. வலது கையிலும் அவருக்குப் பிடி கிடையாது.

"அதான் விட்டுட்டாங்களே, அப்புறம் என்ன?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். விட்ட விதம்தான் எனக்குப் பிரச்சினை.

அண்ணன் நம் ராணுவத்திலிருந்து ஐ.நா. அமைதிப்படையோடு காங்கோ போய், அடிபட்டுத் திரும்பியவர். சாவி கீழே விழுந்தால் முத்து எடுத்துக் கொடுக்கும். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் கட்டிய கயிற்றை இழுத்துத் திறக்கும். கூட்டத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும், யாரும் திடீரென்று பின்னால் வந்து உரசாதபடி. ராத்திரி அவர் கனவில் கத்தினால் போர்வையை இழுத்து எழுப்பிவிடும் என்று அண்ணி சொல்வார்கள். இதில் எதற்குமே கண்ணோடு சம்பந்தம் இல்லை.

முன்னாள் படைவீரர் சட்டம் 2011 இல் வந்தது. பழைய வெள்ளை அரசின் படையில் இருந்தவர், அதை எதிர்த்த ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் ஆயுதப் பிரிவான எம்.கே.யில் இருந்தவர், இன்றைய படையில் இருந்தவர் எல்லோரும் அதில் ஒரே பட்டியல். அந்தப் பட்டியலில் பெயர் இருந்து என்ன, கடை வாசலில் கால்தான் சாட்சி.

அந்தத் தம்பியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் சொன்னதற்கு ஆதாரம் இருக்கிறது. 2018 இன் உணவுக்கூடச் சுகாதார விதியில், உணவு விற்கும் இடத்துக்குள் வர விலக்குப் பெற்ற நாய், 'பார்வையற்றவருடன் வரும் வழிகாட்டி நாய்' மட்டும்தான். வழிகாட்டி நாய்களுக்கான நம் நாட்டுச் சங்கம் 1953 இல் தொடங்கியது. இன்று உடல் ஊனமுற்றவர்களுக்கும் ஆட்டிசக் குழந்தைகளுக்கும்கூட நாய் பழக்கித் தருகிறது. விதியை எழுதியவர்கள் மட்டும் இன்னும் வெள்ளைக் கோலைத் தாண்டவில்லை.

இன்னொன்றும் உண்டு. முத்து ஒரு அடி எடுத்து வைத்தபோது அந்தத் தம்பி இரண்டடி பின்னால் போனான். இந்த நாட்டில் நாய் என்றால் போலீஸ் நாய் என்றே வளர்ந்த குடும்பங்கள் எத்தனையோ. அதுவும் பழைய ஆட்சியோடு முடிந்துவிடவில்லை. 1998 இல் போலீஸ்காரர்கள் மொசாம்பிக்கிலிருந்து வந்த மூன்று பேர் மேல் நாய்களை ஏவிக் கடிக்கவிட்டு, அதைப் படமும் எடுத்தார்கள். 2000 இல் டிவியில் அது வந்தபோது நாடே அதிர்ந்தது. அந்தப் பயத்தை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பயப்படுகிறவனை வாசலில் நிறுத்தி, ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்காமல் விட்ட நிர்வாகத்தைச் சொல்லலாம்.

ஏனென்றால் சட்டம் இருக்கிறது. ஊனமுற்றவர் இயங்குவதற்குத் தேவையான துணையை மறுப்பதும் பறிப்பதும் பாகுபாடு என்று 2000 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் சொல்கிறது. மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டிலேயே சமத்துவ நீதிமன்றம் உண்டு, கட்டணம் கிடையாது. போகலாம் என்று அண்ணனிடம் சொன்னேன். "அங்கேயும் காலைக் காட்டணுமாம்மா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அமெரிக்காவில் வாசலில் இரண்டே கேள்விதான் கேட்கலாம். ஊனத்தின் காரணமாக இந்த நாய் தேவைப்படுகிறதா? என்ன வேலைக்குப் பழக்கப்பட்டிருக்கிறது? என்ன ஊனம் என்று கேட்கக்கூடாது, சான்றிதழ் கேட்கக்கூடாது. நாய் அடங்காமல் ஆட்டம் போட்டால், அங்கேயே அசுத்தம் செய்தால், வெளியே அனுப்பலாம். சும்மா செல்லநாய்க்குப் பட்டை மாட்டிக் கூட்டி வருகிறவர்கள் அங்கே பெரிய தலைவலி, தெரியும். அதனால்தான் எனக்கு இந்த முறை பிடிக்கிறது. நாய் நடந்துகொள்வதைப் பார், மனுஷனின் காயத்தை நோண்டாதே. குரைக்கிற பொய் நாயைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம் போதும், யாரும் பேன்ட்டைச் சுருட்ட வேண்டாம்.

இவ்வளவு எழுதுகிறேனே, நான் என்ன ஒழுங்கு? போன ஆடியில் எங்கள் மாரியம்மன் கோயில் கஞ்சிப் பூஜையில், வாசலில் நின்று ஆட்களை வரவேற்றுக்கொண்டிருந்தது நான்தான். "அண்ணா, முத்துவை அந்த மரத்தில் கட்டிட்டு வாங்களேன்" என்று சொன்னதும் நான்தான். வைரவரின் வாகனம் எது என்றெல்லாம் கதை பேச வரவில்லை. முத்து சாமியும் இல்லை வாகனமும் இல்லை, அவருடைய வலது கை. கோயில் விஷயத்தில் சட்டத்தையும் நம்ப முடியாது. அந்த அமெரிக்கச் சட்டமே வழிபாட்டு இடங்களுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. கமிட்டியில் பேச வேண்டியது நாங்கள்தான், வருகிற ஆடிக்குள்.

அன்றைக்கு அண்ணன் முத்துவைக் கட்டவில்லை, உள்ளேயும் வரவில்லை. வெளிச்சுவர் ஓரமாக நின்றே கும்பிட்டார். நான் ஒரு சொம்பில் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். இடது கையால் வாங்கியபோது கொஞ்சம் தளும்பி முத்துவின் காலருகே சிந்தியது. முத்து குனிந்துகூடப் பார்க்கவில்லை. அவர் முதுகுப் பக்கம், தெருவைப் பார்த்து நின்றது.