சான்றிதழ் இருந்தது, சரி. செய்யத் தெரிந்திருந்ததா?

"கப்பலில் இருந்த அனைவரிடமும் செல்லுபடியாகும் சான்றிதழ்கள் இருந்தன."

ஒரு கப்பல் விபத்து பற்றி இந்த வாரம் எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அறிக்கையில் என் வயிற்றெரிச்சலைக் கிளப்பிய வரி இதுதான். நடந்தது இதுதான். கப்பலின் டேங்குக்குள், அதாவது மூடிய தொட்டிக்குள், ஒருவர் விழுந்தார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கினார். இருவரும் உயிரோடு வெளியே வரவில்லை. ரெண்டு உயிர் போயிருக்கிறது, முதலில் வாயைத் திறந்து சொல்வது இதையா?

சான்றிதழ் எதைச் சொல்கிறது? ஒருநாள், ஒரு தேர்வாளர் முன்னால், இவர் தேறினார் என்று சொல்கிறது. இந்தக் கப்பலில், இந்தக் கருவியை வைத்து, இந்த மேன்ஹோல் (டேங்குக்குள் இறங்கும் துளை) வழியாக இவர் பத்திரமாக இறங்கி ஏறுவார் என்று அது சொல்லவே இல்லை. சொல்லாத ஒன்றை அதன் வாயில் திணிப்பது நாம்தான்.

மூடிய இடத்துக்குள் இறங்கும் வேலையையே எடுத்துக்கொள்வோம். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். காற்றை அளக்கும் கருவியைக் கையில் கொடுத்து "அளந்து காட்டு" என்று சொல்லிப் பாருங்கள். தொடக்கச் சரிபார்ப்பைத் திறந்த டெக்கில், நல்ல காற்றில் செய்ய வேண்டும். மேன்ஹோல் வாயருகே நின்று செய்தால் அங்கே கசியும் கெட்ட காற்றையே கருவி நல்ல காற்றாக எடுத்துக்கொள்ளும். அப்புறம் அது காட்டும் 20.9 பொய். கருவியின் குழாயை டேங்குக்குள் இறக்கிய கையோடு திரையைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். அடியில் இருக்கும் காற்று குழாய் வழியாக மேலே வந்து சேர நேரம் பிடிக்கும். எவ்வளவு நீளத்துக்கு எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்பது கருவியின் கையேட்டிலேயே இருக்கிறது, பிரித்துப் பார்த்தவர்கள்தான் குறைவு. மேலே, நடுவே, அடியில் என்று மூன்று மட்டத்திலும் அளக்க வேண்டும். காற்றோட்ட ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த அளவை நம்பக்கூடாது. அதை நிறுத்தி, சற்றுப் பொறுத்து, மறுபடி பார்க்க வேண்டும்.

இதில் ஏதாவது ஒன்று பிசகினால் என்ன ஆகும்? கப்பலை நிலைப்படுத்தக் கடல்நீர் நிரப்பும் பாலஸ்ட் டேங்கில் துருவே ஆக்சிஜனைத் தின்றுவிடும். நிலக்கரி, மரத்தடி, பழைய இரும்பு ஏற்றிய ஹோல்டிலும் (சரக்கு அறை) அதேதான், அதை ஒட்டிய ஏணிக் கூண்டும் அப்படித்தான். ஆக்சிஜன் 6 சதவீதத்துக்குக் கீழே போன இடத்தில் சில மூச்சுகளிலேயே நினைவு தப்பிவிடும். மூச்சுத் திணறாது, நாற்றம் வராது, "தப்பாகிறதே" என்று நினைக்கக்கூட அவகாசம் இருக்காது. உள்ளே விழுந்தவரைப் பார்த்து ஓடுகிறவருக்கும் அதே கதிதான்.

அந்த இரண்டாவது மனிதரும் பயிற்சி பெற்றவர்தானாம். என் மனசு ஆறாத இடம் இது. "முதலில் அலாரம் அடி, உள்ளே போகாதே" என்பது தாளில் டிக் அடிக்கும் கேள்வி அல்ல. கண்ணெதிரே கூடச் சாப்பிட்டவன் சாய்ந்து கிடக்கும்போது காலைக் கட்டிப்போட வேண்டிய பழக்கம் அது. பழக்கம் படித்து வருவதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்?

சரி, பிஏ செட் (முதுகில் மாட்டும் காற்று சிலிண்டரும் முகமூடியும்) மாட்டிக்கொண்டே இறங்குகிறார் என்று வையுங்கள். 6 லிட்டர் சிலிண்டர், 300 பார் அழுத்தம், சுமார் 1800 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்ற வகுப்பறைக் கணக்கில் 45 நிமிடம் வரும். செங்குத்து ஏணியில் இறங்கி, கனத்த உடலை இழுத்துத் தூக்கும்போது செலவு இரண்டு மடங்காகும். அப்போது இருப்பது 22 நிமிடம். அதில் ஏறிவரும் நேரத்தைக் கழியுங்கள், காற்று தீரப்போகிறது என்று விசில் அடிக்கும்போது மிச்சமிருக்கும் காற்றையும் கழியுங்கள். மீட்புக்குக் கையில் நிற்பது எவ்வளவு? இந்தக் கணக்கை இறங்குவதற்கு முன்னால் போடத் தெரிந்தவர் உங்கள் கப்பலில் யார்? தப்பி ஓடுவதற்கென்று வைத்திருக்கும் ஈஈபிடி என்ற சிறு சுவாசக் கருவியை மாட்டிக்கொண்டு மீட்க இறங்குபவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடமும் சான்றிதழ் இருக்கிறது.

2015 ஜனவரியிலிருந்து இந்த மீட்புப் பயிற்சி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம். 2016 ஜூலையிலிருந்து அளக்கும் கருவியும் கட்டாயம். எத்தனையோ கப்பல்களில் அந்தப் பயிற்சி டெக்கில் சமதளத்தில் பொம்மையைக் கிடத்தி, ஸ்ட்ரெச்சரில் தூக்கி, படம் எடுத்து, பதிவேட்டில் எழுதியதோடு முடிகிறது. நிஜத்தில் ஆள் கிடப்பது இருபது மீட்டர் ஆழத்தில், வளைந்து போகும் ஏணிக்கு அடியில்.

"இது டேங்க் விஷயம், பிரிட்ஜில் அப்படி இல்லை" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். பிரிட்ஜ் என்றால் கப்பலைச் செலுத்தும் அறை. 2013 செப்டம்பரில் டோவர் நீரிணையில் 'ஓவிட்' என்ற கெமிக்கல் டேங்கர் வார்ன் மணல்திட்டில் ஏறி நின்றது. வரைந்த பாதையே அந்தத் திட்டின் மேலேதான் போனது. பாதையைப் போட்டவர் அனுபவம் குறைந்த அதிகாரி, அதைச் சரிபார்க்க வேண்டியவர்கள் சரிபார்க்கவில்லை. எக்டிஸில் (மின்வரைபடத்தில் பாதை காட்டும் கருவி) பாதுகாப்பு ஆழக்கோடு, அதாவது கப்பலுக்கு ஆழம் போதாத இடத்தைப் பிரித்துக் காட்டும் கோடு, கப்பலுக்குப் பொருந்தாமல் வைக்கப்பட்டிருந்தது, அலாரம் ஒலியே வரவில்லை. கப்பல் தரைதட்டிவிட்டது என்பதை வாட்சில், அதாவது கப்பலைச் செலுத்தும் முறைப் பணியில், இருந்தவர் உணரவே 19 நிமிடம் ஆனது. அந்தக் கப்பலில் பொருத்தியிருந்த எக்டிஸுக்கு கேப்டனும் அதிகாரிகளும் பயிற்சி பெற்றவர்கள்தான். இருந்தும் அதைச் சரியாகப் பயன்படுத்தத் தெரியவில்லை என்று பிரிட்டன் விசாரணை அமைப்பு எழுதியது.

ஆழக்கோட்டில் தவறு எங்கே நடக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். கணக்குப் போட்டு 13 மீட்டர் என்று கொடுக்கிறீர்கள். மின்வரைபடத்தில் 13க்குக் கோடு இல்லை, 10 இருக்கிறது, 20 இருக்கிறது. கருவி அடுத்த ஆழமான 20ஐ எடுத்துக்கொள்ளும். குறுகலான இடத்தில் 13க்கும் 20க்கும் நடுவில் கப்பல் போகக்கூடிய தண்ணீரும் ஆபத்து நிறத்தில் தெரியும், அலாரம் ஓயாமல் அடிக்கும். எரிச்சலில் அலாரத்தை அமுக்கி வைப்பார்கள், அல்லது எண்ணைக் கண்டபடி மாற்றுவார்கள். ஏன் அடிக்கிறது என்று தெரிந்தவர் அப்படிச் செய்யமாட்டார். எக்டிஸ் வகுப்பு முடித்த எத்தனை பேருக்கு இது தெரியும்?

"அப்போ சான்றிதழே வேண்டாம் என்கிறாயா?" இல்லை. அப்படி எங்கேயும் எழுதவில்லை. எஸ்டிசிடபிள்யூ (மாலுமிகளின் பயிற்சிக்கும் சான்றிதழுக்குமான சர்வதேச விதிகள்) இல்லாத கடலுக்கு யாரும் திரும்பிப் போக வேண்டாம்.

"மாலுமிகளைக் கேவலப்படுத்துகிறாய்" என்பவர்களுக்குத்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இது சுடுகிறது. நான் பேசுவது அந்தப் பையன்களுக்காக. கேடட்டின் (அதிகாரியாகப் பயிற்சி பெறுபவர்) 12 மாதக் கடல் பயிற்சியில் குறைந்தது 6 மாதம் தகுதியுள்ள அதிகாரியின் மேற்பார்வையில் பிரிட்ஜ் வாட்ச் பார்க்க வேண்டும் என்பது விதி. ஆனால் ஆள் குறைவு என்று அவனைப் பெயின்ட் டப்பாவோடு டெக்கில் விடுகிறார்கள். சொல்லிக்கொடுக்க வேண்டிய சீஃப் ஆஃபீசர் ஆறு மணி நேரம் வாட்ச், ஆறு மணி நேரம் ஓய்வு என்று ஓடி, அந்த ஓய்விலும் சரக்கு வேலை பார்க்கிறார். கான்ட்ராக்ட் முடிகிற வாரத்தில் பயிற்சிப் பதிவேட்டின் பக்கங்களில் ஒரே பேனாவால் வரிசையாகக் கையெழுத்து விழுகிறது. அவன் தொட்டே பார்க்காத கருவிக்கும் "செய்து காட்டினார்" என்று. கேள்வி வங்கியை மனப்பாடம் செய்து, சுற்றிச் சுற்றி வரும் அதே சிமுலேட்டர் பயிற்சியில் தேறி, அதிகாரியாக வருகிறான். பனிமூட்டத்தில் ரேடாரில் ஒரு கப்பலைப் பார்த்ததும், பார்வை மங்கிய நேரத்துக்கான கடல் மோதல் தடுப்பு விதி 19ஐ வாய்மொழித் தேர்வில் ஒப்பித்தவன், குறுக்கே வரும் கப்பலுக்கான விதி 15ஐ நினைத்து "அவன்தானே விலக வேண்டும்" என்று காத்திருக்கிறான். கண்ணுக்குத் தெரியாத கப்பலுக்கு அந்த உரிமையே கிடையாது. நாளைக்கு ஏதாவது நடந்தால் முதல் ஆளாகக் கூண்டில் நிற்பவன் அவன். கையெழுத்துப் போட்டவர் நிற்கமாட்டார். போடவைத்த கம்பெனி நிற்காது. அவனிடம் சான்றிதழ் இருந்ததே, பிறகு தப்பு அவனுடையதுதானே என்று சொல்லி எல்லோரும் கை கழுவிவிடலாம்.

"நேரம் எங்கே இருக்கிறது?" என்று கேட்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. பிஏ செட்டை மாட்டி, அழுத்தம் பார்த்து, முகமூடி கசிகிறதா என்று சோதித்து, நிஜமான மேன்ஹோலில் இறங்கி ஏற ஒரு மணி நேரம் போதும், அதுவும் காற்று சோதித்துப் பாதுகாப்பானது என்று உறுதியான டேங்கில். ஆய்வுக்கு வருபவரும் கோப்பைப் புரட்டுவதற்குப் பதிலாகக் கருவியை எடுத்து வரச்சொல்லி, "அளந்து காட்டு" என்று கேட்கலாம். பத்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

இதைப் படிக்கும் கேடட்களுக்கும் ஜூனியர் அதிகாரிகளுக்கும்: புதிய கப்பலில் ஏறியதும், உங்களுக்கு ஒதுக்கிய வேலையையும் அந்தக் கப்பலின் கருவிகளையும் பழக்கிக் கொடுப்பது கம்பெனியின் கடமை, எஸ்டிசிடபிள்யூ விதியிலேயே இருக்கிறது. கேட்டால் மட்டமாக நினைப்பார்களோ என்று தயங்காதீர்கள். செய்யாத வேலைக்குப் பதிவேட்டில் கையெழுத்து வாங்காதீர்கள், "செய்து பார்த்துவிட்டு வாங்கிக்கொள்கிறேன் சார்" என்று சொல்லுங்கள். கருவியை முதலில் டெக்கில், வெளிச்சத்தில், கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழகுங்கள். காட்டித் தர முடியாது என்று யாராவது சொன்னால், யார் சொன்னார், என்றைக்குச் சொன்னார் என்று எழுதி வையுங்கள்.